கடைவீட்டு முகப்பில் துளை போடாமல் சாரத்தைக் காற்றுக்கு எப்படி நிறுத்துவது?

தேக்கா_தளம் (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட இரண்டு மாடிக் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) ஒன்றின் முகப்பில் பழைய பூச்சைச் சுரண்டி, சுண்ணாம்புப் பூச்சு பூசி, சாயம் அடிக்கும் வேலை. சுமார் ஆறு வாரம் ஆகும். முகப்பின் பூவேலையிலோ பூச்சிலோ ஒரு துளைகூடப் போடக்கூடாது என்று கட்டடக்கலைஞர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் சுவரில் ஆங்கர் அடித்து டை (சாரத்தைக் கட்டடத்தோடு பிணைக்கும் குழாய்) போட வழியில்லை.

சாரம் வழக்கமான ஃபிரேம் வகை. அகலம் 1.2 மீட்டர், ஃபிரேம் உயரம் 1.7 மீட்டர், மூன்று அடுக்கு. நீளம் மூன்று பே (இரண்டு ஃபிரேமுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு பே), அதாவது 5.5 மீட்டர். மேல் தளம் 5.1 மீட்டரில் வரும், கைப்பிடியோடு 6.2. தூசிக்காக முன்பக்கம் முழுவதும் வலை கட்டச் சொல்கிறார்கள். துணை ஒப்பந்தக்காரர், "டை வேண்டாம், காலடியில் 40 மணல் மூட்டை வைத்தால் அசையாது" என்கிறார். மூட்டை 20 கிலோ, ஆகமொத்தம் 800 கிலோ. இது போதுமா? போதாது என்றால் எவ்வளவு வேண்டும்? கணக்கோடு சொன்னால் அவரிடம் காட்டிப் பேசலாம்.

கம்பிக்கணக்கு

போதாது. எவ்வளவு போதாது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில் காற்று. சுமத்ரா சூறைக்காற்று வந்தால் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வீச்சு இங்கே சாதாரணம். 80 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ தள்ளும்.

வலை கட்டிய சாரத்தின் முகம் 5.5 × 6.2 = 34 சதுர மீட்டர். வலைக்கு நடுவே காற்று ஓரளவு புகுந்து போகும், அதனால் முழுத் தகட்டைப் போல எடுக்காமல் 0.6 என்று எடுக்கிறேன். 34 × 30 × 0.6 = சுமார் 620 கிலோ. இந்த விசை சாரத்தின் நடு உயரத்தில், 3.1 மீட்டரில் பிடித்துத் தள்ளுவதாகக் கொள்ளுங்கள். கவிழ்க்கும் திருப்புவிசை (விசை × தூரம்) 1,920 கிலோ-மீட்டர். பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு என்றால் 2,880.

எதிர்த்து நிற்பது சாரத்தின் சொந்த எடை மட்டும்தான். 12 ஃபிரேம், 18 கிராஸ் பிரேஸ் (குறுக்குத் தாங்கு குழாய்), இரண்டு தளப் பலகைகள், ஜாக் (காலடியில் உயரத்தைச் சரிசெய்யும் திருகு) எல்லாம் சேர்த்து 500 கிலோ என்று வைப்போம் (உங்கள் சரக்கை நிறுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்). அந்த எடை கவிழும் விளிம்பிலிருந்து 0.6 மீட்டர்தான் தள்ளி இருக்கிறது. 500 × 0.6 = 300. அதிலும் பத்து சதவீதம் குறைத்து 270 என்றே எடுக்க வேண்டும். மீதி 2,610 திருப்புவிசையை எடைக்கல் தாங்க வேண்டும். இருபக்கக் காலடியிலும் சமமாக வைத்தால் அதற்கும் நெம்புகை (கவிழும் விளிம்பிலிருந்து உள்ள தூரம்) 0.6 மீட்டர்தான். 2,610 ÷ 0.6 = 4,350 கிலோ. உங்கள் 40 மூட்டை எங்கே, நாலரை டன் எங்கே!

வலையே இல்லாமல் வெறும் சாரம் என்றால் குழாய்கள், பிரேஸ், கைப்பிடி, பலகை விளிம்பு ஆகியவற்றில் படும் காற்று சுமார் 280 கிலோ. அது சற்று மேலே, 3.2 மீட்டரில் தள்ளுவதாகக் கொண்டு ஒன்றரை மடங்கோடு போட்டால் திருப்புவிசை சுமார் 1,350, எடைக்கல் 1,800 கிலோ வருகிறது. அப்போதும் 800 போதாது.

வலையைக் கழற்றிவிட்டு, தெருப்பக்கம் 1.2 மீட்டர் நீட்டி அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீளும் முட்டுக்கால்) போட்டால் நிலைமை மாறும். கவிழும் விளிம்பு அவ்வளவு தூரம் வெளியே போய்விடும். சாரத்தின் சொந்த எடைக்கே 1.8 மீட்டர் நெம்புகை கிடைக்கும், 500 × 1.8 × 0.9 = 810. தேவை 1,350. மீதி 540 திருப்புவிசைக்கு, சுவர்ப்பக்கக் கால்களில் வைக்கும் எடைக்கு 2.4 மீட்டர் நெம்புகை. 225 கிலோ போதும். 30 செ.மீ. கனசதுரக் காங்கிரீட் கட்டி ஒன்று 65 கிலோ. உள்கால் நான்கிலும் ஒவ்வொன்று வைத்தால் முடிந்தது. சுவர்ப்பக்கமாகச் சாயாமல் இருக்கப் பலகை வைத்த முட்டுக் குழாய்களைச் சுவர்மேல் சாய்த்துவிடலாம், துளை தேவையில்லை.

மணல் மூட்டையை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு மாத வெயிலில் சாக்கு நைந்து, மழையில் மணல் கசிந்து, ஆறாவது வாரம் பாதி எடைதான் இருக்கும். தண்ணீர் டிரம்மும் அப்படித்தான், ஓட்டை விழுந்தால் வெளியே தெரியாது. எடைக்கல் காங்கிரீட்டாக இருக்கட்டும், காலோடு கிளாம்ப் போட்டுக் கட்டப்பட்டிருக்கட்டும். தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கல், கால் மேலே எழும்பும்போது கூட வராது.

சாரம்கட்டி

அண்ணன் கவிழ்தல் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். ஆனால் அவுட்ரிகரோடு 225 கிலோ போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழுக்குதலை விட்டுவிட்டார்.

வெறும் சாரத்தில் காற்றின் தள்ளுவிசை 280 கிலோ, ஒன்றரை மடங்கு 420. கீழே மொத்த எடை 500 + 225 = 725. காங்கிரீட் தரைமேல் மரப்பலகைக்கு உராய்வு 0.3 என்று எடுத்தால் பிடிப்பு 220 கிலோதான். பாதுகாப்பு மடங்கை எல்லாம் விட்டாலும் 280-க்கு 220 தோற்றுவிடுகிறது. ஈரமான, பாசி பிடித்த தரையாக இருந்தால் இன்னும் குறையும். சாரம் கவிழ்வதற்கு முன்பே நகரும். நகர்ந்து ஒரு கால் வாய்க்கால் விளிம்பைத் தாண்டினால், பிறகு எந்தக் கணக்கும் உதவாது. வழுக்காமல் நிற்க வேண்டுமென்றால் மொத்தம் 1,400 கிலோ வேண்டும், அதாவது எடைக்கல் மட்டும் 900. ஐந்தடிப் பாதைக்கு (கடைவீட்டின் முன் கூரையுள்ள நடைபாதை) முன்னால் அவ்வளவு எடையை எங்கே வைப்பீர்கள்? அவுட்ரிகர் 1.2 மீட்டர் நீட்டினால் சாலைக்கே போய்விடும், அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனி வேலை.

அதனால் "டை போட வழியில்லை" என்ற இடத்திலிருந்தே திரும்ப யோசியுங்கள். துளை போடத்தான் வழியில்லை, டை போட வழி இருக்கிறது. கடைவீட்டின் அமைப்பே கை கொடுக்கிறது.

கீழ் மட்டத்தில் ஐந்தடிப் பாதையின் தூண்கள். தூணைச் சுற்றி நான்கு குழாய்களால் ஒரு சட்டம் போடுங்கள். இரண்டு குழாய் தூணின் முன்னும் பின்னும் முகப்புக்கு இணையாக, இரண்டு குழாய் தூணின் இருபுறமும் சாரத்தை நோக்கி நீண்டு வரும். நான்கு மூலையிலும் ஃபிக்ஸ்டு கிளாம்ப் (இரு குழாய்களைச் செங்கோணத்தில் திரும்பாமல் பிடிப்பது). நீண்டு வரும் குழாய்கள் சாரத்தின் உள்கால், வெளிக்கால் இரண்டையும் பிடிக்க வேண்டும், உள்காலை மட்டும் பிடித்தால் ஃபிரேம் முறுக்கும். குழாய்க்கும் தூணுக்கும் நடுவே 25 மி.மீ. மரத்துண்டும் அதற்குள் ரப்பர் அல்லது பழைய கம்பளமும் வைத்து ஆப்பால் இறுக்குங்கள். குழாய் நேராகப் பூச்சைத் தொடவே கூடாது. உயரம் 3 மீட்டர் அளவில் இருக்கட்டும். தனியாக நிற்கும் சாரத்துக்கு வெளியிடத்தில் அடி அகலத்தைப் போல மூன்று மடங்கு உயரம் என்பது கைக்கணக்கு. 1.2-க்கு 3.6 வரும். முதல் டை அதற்குக் கீழே வந்தாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 5.5 மீட்டர் முகப்பில் தூண் இரு ஓரத்திலும்தான் இருக்கும், அது பக்கத்துக் கடைக்கும் பொதுவானது. அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் "எங்கள் தூணில் இருந்து கழற்று" என்று நின்றால் சாரமே நின்றுவிடும்.

மேல் மட்டத்தில் சன்னல்கள். முகப்பில் பொதுவாக மூன்று சன்னல் வரும். மரக்கதவுகளைப் பழுதுபார்க்க எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். உள்ளே, சன்னல் அகலத்தைவிட இருபுறமும் 30 செ.மீ. அதிகமாக ஒரு குழாயைச் சுவரின் உட்பக்கம் கிடையாக வைத்து, பலகை கொடுத்து, அதிலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டிச் சாரத்தில் பிடியுங்கள். வெளிப்பக்கமும் சுவரை ஒட்டி இன்னொரு குறுக்குக் குழாய். இப்படி இரண்டுக்கும் நடுவே சுவர் மாட்டிக்கொள்வதால் இழுவை, தள்ளல் இரண்டையும் தாங்கும். சன்னல் இடைவெளிக்குள் ஜாக் வைத்து இறுக்கிப் போடும் டையும் உண்டு. ஆனால் அது உராய்வை நம்பி நிற்பது. மரம் சுருங்கினால், சுவர் அதிர்ந்தால் தளர்ந்துவிடும். மொத்த டைகளில் பாதிக்கு மேல் அந்த வகை இருக்கக்கூடாது. நீங்கள் பூச்சை உடைத்துக்கொண்டே இருக்கப் போகும் சுவர் இது, நானாக இருந்தால் ஒன்றுகூட வைக்க மாட்டேன்.

ஆக கீழே இரண்டு, மேலே மூன்று, மொத்தம் ஐந்து டை. வலையோடு சேர்த்தே 620 × 1.5 = 930 கிலோ. ஐந்தாகப் பங்கிட்டால் 186 வரும். ஆனால் சுமை ஒருபோதும் சமமாகப் பங்காகாது, மேல் வரிசைதான் அதிகம் வாங்கும். ஒவ்வொரு டையும் 400 கிலோ தாங்கும் என்ற அளவில் அமையுங்கள். நல்ல ஃபிக்ஸ்டு கிளாம்ப் ஒன்று 600 கிலோ வரை வழுக்காமல் பிடிக்கும். கிளாம்பில் குறை வராது. பழைய செங்கல்லும் சன்னல் ஓரமும் தாங்குமா என்பதைத்தான் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தேக்கா_தளம்

இரண்டு பேருக்கும் நன்றி. தூணைப் பிடிப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் பேசலாம்.

மேலும் இரண்டு சந்தேகம். துணை ஒப்பந்தக்காரர் இப்போது, "எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் கயிறு இழுத்துக் கட்டுகிறேன்" என்கிறார். இன்னொன்று, வானிலை எச்சரிக்கை வந்ததும் ஆட்களை இறக்கிவிட்டு வலையை அவிழ்த்துவிட்டால், டையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?

கம்பிக்கணக்கு

முதலில், வழுக்குதலை விட்டது என் தவறு. சாரம்கட்டி சொன்னதே சரி, 225 கிலோவை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்குக் கம்பம், மரம் இரண்டும் வேண்டவே வேண்டாம். அவை உங்களுடைய சொத்து அல்ல. அதைவிட, காற்றில் மரமே ஆடும். ஆடும்போது கயிறு ஒரு நொடி தளர்ந்து மறு நொடி வெட்டி இழுக்கும், சாரத்தை மரமே பிடித்து ஆட்டும். நைலான் கயிறு மழையில் நீளும். சாலைக்குக் குறுக்கே கயிறு போனால் லாரி இடிக்கும். கயிறு இழுக்க மட்டுமே செய்யும், தள்ளலைத் தாங்காது, எதிர்ப்பக்கமும் ஒன்று கட்டினால்தான் அர்த்தம். எதிர்ப்பக்கத்தில் உங்களுக்கு இருப்பது துளை போடக்கூடாத சுவர்.

இரண்டாவது கேள்விக்கு அழுத்தமாகவே சொல்கிறேன்: கூடாது. சுமத்ரா சூறைக்காற்று ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும். அதிகாலை நான்கு மணிக்குத் தளத்தில் யார் இருப்பார்? வலையை யார் அவிழ்ப்பார்? "காற்று வந்தால் வேலையை நிறுத்து" என்ற விதி சாரத்தின் மேல் நிற்கும் ஆளைக் காப்பாற்றும். ஐந்தடிப் பாதையில் கடை திறக்க வருபவரைக் காப்பாற்றாது. ஆள் இல்லாத சாரம், வலை கட்டியபடியே, முழு வீச்சையும் தானே தாங்க வேண்டும். கணக்கை அந்த நிலைக்குத்தான் போட வேண்டும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வீச்சு பதிவாகியிருக்கிறது. அது 80-ஐ விட இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் அழுத்தம் மூன்று மடங்குக்கும் மேல். அந்த அளவுக்கு எல்லாச் சாரத்தையும் கட்ட முடியாதுதான். 80-க்கே விளிம்பில் நிற்கும் சாரத்தைக் கட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வலைப்பின்னல்

வலை பற்றி நானும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் சாரத்தைத் தள்ளப்போவது அதுதான்.

0.6 என்ற எண் திறந்த பின்னல் உள்ள வலைக்கு. தூசி வெளியே போகக்கூடாது என்று நெருக்கமான வலையை இரட்டையாகக் கட்டினாலோ தார்ப்பாயைக் கட்டினாலோ அது தகடுதான், விசை இரட்டிப்பாகும். சுண்ணாம்புத் தூசி ஒட்டி, மழையில் நனைந்தால் திறந்த வலையின் கண்களும் அடைபடும். வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

பூச்சு உடைக்கும் வேலை இரண்டு வாரம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது முடிந்ததும் வலையை முழுவதும் இறக்கிவிடலாம். சாயம் அடிக்கும்போது வேலை நடக்கும் ஒரு பேயில் மட்டும் கட்டலாம். தினமும் மாலை வேலை முடிந்ததும் சுருட்டிக் கட்டுவது நல்ல பழக்கம், ஆனால் கம்பிக்கணக்கு சொன்னதுபோல அதை நம்பி டையைக் குறைக்க முடியாது. ஒருநாள் மறந்துவிடுவார்கள். கட்டும்போது ஓரங்களை ஃபிரேமோடு ஒவ்வொரு கண்ணிலும் கட்டுங்கள். பாதி அவிழ்ந்து பாய்போல உப்பும் வலை, சாரத்தை ஒரே மூலையில் பிடித்து முறுக்கும்.

மேல் விளிம்பில் காற்று தூக்கவும் செய்யும். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஜாயின்ட் பின் போட்டு லாக் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஃபிரேமைச் சும்மா செருகி விட்டிருந்தால் கீழே எத்தனை டன் வைத்தாலும் மேலடுக்கு தனியாகக் கழன்று வரும். தளப் பலகைகளின் கொக்கியிலும் லாக் இருக்க வேண்டும்.

சாரம்கட்டி

அடித்தளம் பற்றி யாரும் பேசவில்லை. கடைவீட்டுக்கு முன்னால் பெரும்பாலும் வாய்க்கால் ஓடும். வாய்க்கால் மூடியின் மேலோ இரும்புக் கிராதியின் மேலோ ஒரு காலும் வைக்கக்கூடாது. வெளிக்கால் அங்கேதான் விழும் என்றால் வாய்க்காலின் இரு கரையிலும் உட்காரும்படி இரும்பு உத்தரம் போட்டு அதன்மேல் ஜாக்கை வையுங்கள். மற்ற இடங்களில் 225 மி.மீ. அகலம், 38 மி.மீ. தடிமன் உள்ள அடிப்பலகை, இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே துண்டு. ஜாக்கை 300 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். நீட்ட வேண்டியிருந்தால் பலகையை உயர்த்துங்கள்.

கிளாம்ப் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபிரேம் கால்கள் பெரும்பாலும் 42.7 மி.மீ., டை போடும் குழாய் 48.3 மி.மீ. இரண்டு பக்கமும் 48 உள்ள கிளாம்பை ஃபிரேம் காலில் மாட்டினால் நட்டு முழுக்க இறுகியதுபோல் தோன்றும், ஆனால் கால் உள்ளே சுழலும். ஒரு வாய் 42, மறு வாய் 48 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இறுக்கம் 50 நியூட்டன்-மீட்டர். டையைக் காலோடு பிடிக்கும் இடத்தில் சுவிவல் கிளாம்ப் (எந்தக் கோணத்துக்கும் திரும்பும் வகை) வேண்டாம். பிடிக்கும் இடம் ஃபிரேமின் கிடைக்குழாய் சேரும் மூட்டிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். காலின் நடுவில் பிடித்தால் கால் வளையும்.

கட்டும் வரிசையும் முக்கியம். இரண்டாம் அடுக்கு ஏறியதும், மூன்றாம் அடுக்குக்கு முன்பே தூண் டை விழ வேண்டும். "எல்லாம் கட்டி முடித்து டை போடலாம்" என்றால் மிக உயரமாகவும் மிகப் பலவீனமாகவும் அது நிற்கும் இரவு ஒன்று வந்துவிடும். பிரிக்கும்போது முதலில் வலை, பிறகு மேலடுக்கு, அந்தந்த மட்டத்து டை அந்த மட்டத்தோடுதான். பூச்சு ஆட்கள் சன்னல் ஓரத்தில் வேலை செய்யக் குழாய் இடிக்கிறது என்று டையைக் கழற்றுவார்கள், அநேகமாக எல்லாத் தளத்திலும் இது நடக்கும். டைக் குழாய்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, சாரம் கட்டிய ஆளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் எழுதி மாட்டுங்கள். ஒரு சன்னலில் வேலை முடிய வேண்டுமென்றால் முதலில் அடுத்த இடத்தில் மாற்று டை, பிறகுதான் இதைக் கழற்றுவது.

பச்சை_அட்டை

சட்டப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். 2011ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார (சாரங்கள்) விதிமுறைகளின்படி, ஆள் 4 மீட்டருக்கு மேல் விழக்கூடிய சாரத்தை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற சாரம் ஒப்பந்தக்காரர்தான் கட்டவோ மாற்றவோ பிரிக்கவோ வேண்டும். உங்கள் மேல் தளம் 5.1 மீட்டர், ஆகவே உங்களுக்கு அது பொருந்தும். மணல் மூட்டை சொன்ன துணை ஒப்பந்தக்காரருக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பதை இன்றே கேளுங்கள்.

சாரம் மேற்பார்வையாளர் ஏழு நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். சாரத்தின் உறுதியைப் பாதிக்கக்கூடிய காற்று, மழைக்குப் பிறகும் சோதிக்க வேண்டும், ஏழு நாள் ஆகவில்லையே என்று காத்திருக்கக்கூடாது. நடைமுறையில் விடியற்காலையில் சூறை அடித்துவிட்டால், எட்டு மணிக்கு ஆட்கள் ஏறுவதற்கு முன், சாரத்தில் 'ஏறலாம்' என்று காட்டும் பச்சை அட்டையை எடுத்துவிட்டு 'ஏறக்கூடாது' என்னும் சிவப்பை மாட்டுங்கள். மேற்பார்வையாளர் தூண் ஆப்பு, சன்னல் டை, ஜாயின்ட் பின், அடிப்பலகை, வலை ஓரம் என்று சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பச்சை. ஆப்புகளைக் கையால் ஆட்டிப் பார்த்தால் போதாது, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்த ஆப்பின் ஒலியே வேறு.

தேக்கா_தளம்

கேட்டுவிட்டேன், அங்கீகாரம் இல்லை. வேறு ஒப்பந்தக்காரரை எடுக்கிறோம். ஐந்து டை வரைபடத்தைப் பொறியாளருக்கு அனுப்பியாகிவிட்டது. ஒன்றே ஒன்று: நடுச் சன்னலின் மேற்புறப் பூவேலை வெளியே 15 செ.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. வெளிப்பக்கக் குறுக்குக் குழாய் அதில் இடிக்குமே?

சாரம்கட்டி

சன்னலின் மேற்புறத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்புறம் போங்கள், திண்டுக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் குறுக்குக் குழாய். அங்கே சுவர் சமதளமாக இருக்கும். மற்ற இரண்டு சன்னலிலும் அதே மட்டத்திலேயே போட்டுவிடுங்கள். ஆனால் டை கீழே இறங்குவதால் அதற்கு மேலே ஆடும் உயரம் கூடுகிறது. அந்த மூன்று டைக்கும் சுமையைக் கூட்டி எடுக்கச் சொல்லிப் பொறியாளரிடம் புதிய உயரத்தைக் குறித்துக் கொடுங்கள், பழைய வரைபடத்தை வைத்துக் கட்டிவிட வேண்டாம்.